பட்டையை வெட்டியவன் நான்

தன்னிடம் இருக்கும் கண்ணாடியில் மேற்பட்டை இல்லாமல் அந்த மீன் தொட்டியைச் செய்து தரமாட்டேன் என்றுதான் கண்ணாடிக்காரர் முதலில் சொன்னார். மன்னார்ப் பட்டினத்தில் யன்னல்களுக்கும் படங்களுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற சின்னக் கடை அவருடையது. மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பம். நான் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். கனடாவில் இருக்கும் என் தம்பி வீட்டுத் தொட்டி அது. மேலே சட்டமும் இல்லை, பட்டையும் இல்லை. தண்ணீரை யாரோ வெட்டி எடுத்து மேசையில் வைத்ததுபோல இருக்கும். உள்ளே பவளமும் கோமாளி மீன்களும்.

"இது ரிம்லெஸ்ங்க ஐயா. இதுக்குப் பதினைஞ்சு மில்லிமீற்றர் கண்ணாடி வேணும். என்கிட்ட பத்துதான் இருக்கு. கொழும்புல இருந்து எடுப்பிக்கட்டுங்களா?"

"எவ்வளவு நாள் செல்லும்?"

"ஒரு மாசம் போகும்ங்க."

எனக்குப் பொறுமை இருக்கவில்லை. "பத்திலயே செய்யும்" என்றேன்.

"பத்துல செஞ்சா மேல சுத்திவரக் கண்ணாடிப் பட்டை ஒட்டணும். நடுவுல குறுக்க ஒண்ணு. இல்லாட்டித் தண்ணி தள்ளித் தள்ளிக் கண்ணாடி வயிறு வச்சிரும். பிறகு ஒட்டு விட்டுரும்."

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் குளக்கட்டுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் வரைகிறவன். தேங்கி நிற்கும் தண்ணீர் சுவரை எப்படித் தள்ளும் என்பதை அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பட்டை ஒட்டியே செய்யச் சொன்னேன்.

தொட்டி வந்தது. தாழ்வுபாட்டுக் கடலில் இருந்து பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் அள்ளி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். கடலில் பவளம் எடுப்பது குற்றம். அதனால் கொழும்பில் தொட்டிக்குள்ளேயே பவளம் வளர்த்து விற்கிற ஒருவரிடம் சில துண்டுகளும் இரண்டு கோமாளி மீன்களும் வாங்கினேன். என் மனைவி வீட்டு மண்டபத்தின் மறுபக்கத்தில் இருந்து கலியாணப் பெண்களுக்கு உடுப்புத் தைப்பாள். நூல் கோர்க்கும் நேரத்தில் தலையை நிமிர்த்தி மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

ஒரு நாள் தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். "நல்லாயிருக்கண்ணா" என்றான். பிறகு, "ஆனா மேல அந்தப் பட்டை மீன்கடைப் பெட்டி மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தான். அவன் வேறு எதையோ கதைக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு அந்தப் பேச்சு மட்டும் உள்ளே நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மனைவி தன் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தண்ணீரைப் பாதிக்கு இறக்கினேன். சவர அலகால் பசையை அறுத்து, ஐந்து பட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சாக்கில் போட்டு உடைத்து வேலியோரம் புதைத்தேன். திரும்பவும் தண்ணீர் நிரப்பினேன். உண்மையைச் சொல்லவேண்டும், அவ்வளவு வடிவாக இருந்தது. முன்கண்ணாடியின் நடுப்பகுதி மெல்ல வெளியே வந்திருந்தது. படம் வரைகிற அடிமட்டத்தை வைத்து அளந்தேன். மூன்று மில்லிமீற்றர். தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தோரில் வேறொருவன் அப்படிச் சொல்லியிருந்தால் அவன் படத்தைத் திருப்பி எறிந்திருப்பேன்.

"இண்டைக்கு நல்ல வெளிச்சமாக் கிடக்கு. என்ன செய்தனீங்கள்?" என்று பின்னேரம் மனைவி கேட்டாள்.

"கண்ணாடியைத் துடைச்சனான்."

அதற்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தபோது கதவுக்குக் கீழால் தண்ணீர் படிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. தொட்டியின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. ஒரு மீன் தையல் மெசினுக்குக் கீழே செத்துக் கிடந்தது. மற்றது இன்னும் துடித்தது. வாளியில் விட்டேன், பின்னேரத்துக்குள் அதுவும் போய்விட்டது. பாயில் பரப்பி வைத்திருந்த ஒரு மணப்பெண்ணின் வெள்ளைச் சட்டை உப்புத் தண்ணீரிலும் மணலிலும் தோய்ந்து கிடந்தது. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மனைவி சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். "எப்பிடியப்பா உடைஞ்சது?"

"ஒட்டினது சரியில்லை" என்றேன். "பசை விட்டிட்டுது."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்ட உடனேயே வந்தது.

அவள் கண்ணாடிக்காரரை வீட்டுக்கு வரச்சொன்னாள். அவர் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்து போய்த் தொட்டியைப் பார்த்தார். மேல் ஓரத்தின் உட்புறமாக விரலை வைத்துக் கொண்டுபோனார். அலகால் அறுத்த பசையின் மிச்சம் அங்கே வரிசையாக இருந்தது. விரல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா. என் பிழையாத்தான் இருக்கும்" என்றார்.

மனைவி அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். நான் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டையை அவள் திரும்ப முதலில் இருந்து தைத்தாள், ஒன்பது நாளும் இடுப்பு நோவோடு.

அது அங்கே முடியவில்லை. சில மாதம் கழித்து எங்கள் கோவிலில் மாதா சுரூபத்துக்குப் பெரிய கண்ணாடிக் கூடு ஒன்று செய்யப் பேசினார்கள். கூட்டத்துக்குப் போய்வந்த மனைவி, "அந்தாளிட்டைக் குடுக்கத்தான் இருந்தவை. நான் எழும்பி, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னாள். வேலை வவுனியாக்காரர் ஒருவருக்குப் போனது.

அந்தக் கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் இருந்து கோபம், பொறாமை என்று வேறு பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். சுவாமியாருக்கு என் குரல் தெரியும் என்று பயம். கடவுளிடமும் அந்தக் கண்ணாடிக்காரரை நான் மாட்டிவிட்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். பட்டையைக் கழற்றியது, புதைத்தது, எல்லாம். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசன் எல்லாத்தையும் தெரிஞ்சுகொண்டே என்னட்டை ஏச்சு வாங்கினவர், என்ன?"

"ஓம்."

"நீங்கள் பொய் சொன்னது ஒருக்கா. அதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

அழவில்லை. சீலை மாற்றினாள். "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

கடையில் அவர் எங்களைக் கண்டதும் எழும்பி அவளுக்குக் கதிரை இழுத்துப்போட்டார். அவள் இருக்கவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அண்டைக்கே ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடித் தூளை மேசையிலிருந்து துடைத்தார். "சொன்னா ஐயாவப் பொய்யருன்னு சொல்லணும். அவரு கந்தோர்ல இருக்கிறவரு. நான் சொன்னா யாரும்மா நம்பிருப்பாங்க?"

"நான் நம்பி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த கோவில் கூட்டத்தில் அவள் எழும்பி, பிழை என் புருஷனுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் ஆண்கள் பக்கத்தில் இருந்தேன். சிலர் நம்பினார்கள். பாவம் பார்த்துச் சொல்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். கூடு அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

வருஷ முடிவில் கண்ணாடிக்காரர் கடையை மூடிவிட்டுத் தன் மனைவியின் ஊரான கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார். மாமனாருக்குச் சுகமில்லை என்று சொன்னார். அது மட்டும்தானா காரணம் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி இடைக்கிடை அவருக்குப் போன் எடுத்துக் கதைப்பாள். "ஐயா எப்பிடி இருக்காரு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். போனை என்னிடம் நீட்டுவாள். கையைக் காட்டி வேண்டாம் என்பேன்.