முயல் மாதிரி ஏறிய நாய்

எங்கள் நாய் மாடிப்படி ஏறுவதைப் பார்க்க லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவில் பாதிப் பேராவது வந்திருப்பார்கள். எங்களுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முன்னங்கால்களை மேல்படியில் வைத்து, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரே தவ்வு. முயல் மாதிரி. மீன் வாங்கி வருகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். மேலே போனதும் ஆரோரூட் பிஸ்கட் கொடுப்பேன். துர்கா பூஜை நேரத்தில் விருந்தாளிகளுக்காக ஒரே நாளில் நாலு தடவை ஏற்றி இறக்கியிருக்கிறேன். வேறு யாருமில்லை, நான்தான்.

கீழ்வீட்டு பௌதி, மகள் வீட்டோடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன குட்டி அது. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவர் எனக்கு இளையவர், இருந்தாலும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. கடுகு அரைத்து மீன் வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். நாங்கள் மீன் தொடமாட்டோம் என்று சொல்ல எனக்குப் பதினாறு வருஷம் ஆனது. அதுவரை பூனைக்குப் போட்டோம். சரி, நாய்க்கு வருகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் அது காலையில் எழுந்திருக்க மறுத்தது. குளிர்தான் என்றேன்.

“ஒங்களப் பாத்துல்லா படிச்சிருக்கு” என்றாள் என் மனைவி. “நீங்க எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும்.”

எண்ணெயைச் சூடாக்கி இடுப்பில் தேய்த்தேன். என் கையைக் கவ்வ வந்தது. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. பல் படவில்லை. பங்கு ஆட்டோவில் நாயை ஏற்றமாட்டார்கள் என்று முழு ஆட்டோ பிடித்து டாலிகஞ்சில் ஒரு மிருக டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினாள். எக்ஸ்ரே பார்க்கத் தெரியாத எனக்கும் அந்தப் படம் புரிந்தது. இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார வேண்டிய தொடையெலும்பு உருண்டை, பாதி வெளியே நின்றது. இரண்டு பக்கமும்.

“தாது, படி எப்படி ஏறுவான்?” என்று கேட்டாள். கிழவர்களை இங்கே தாது என்பார்கள். பேசியது வங்காளத்தில்.

எனக்கு வாயெல்லாம் பல். “முயல் மாதிரிம்மா! ரெண்டு காலையும் சேத்து ஒரே தவ்வு. தெருவே கை தட்டும்.”

அவள் சிரிக்கவில்லை.

“ஒத்தக் கால்ல பாரம் குடுக்க முடியல தாது. வலி. அதான் ரெண்டையும் சேத்துத் தூக்கறான். எப்பலேருந்து இப்படி ஏறறான்?”

“குட்டியிலேருந்து.”

“அப்ப குட்டியிலேருந்தே வலிச்சிருக்கு.”

“ஒரு நாளும் கத்தலியேம்மா!”

“இந்த மாதிரி வலிக்கு நாய் கத்தாது தாது.”

அவள் மாத்திரை சொன்னாள், எடை குறைக்கச் சொன்னாள். இனிமேல் படியில் தவ்வவே கூடாது என்றாள். தரைத்தளத்தில் தெரிந்தவர்கள் யாரிடமாவது விட்டுவிடலாம் என்றும் சொன்னாள். என் காதில் ஒன்றும் சரியாக ஏறவில்லை. நான் கொடுத்த பிஸ்கட்டெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது.

“யார்ட்டயும் விடமாட்டோம்” என்று என் மனைவி தமிழிலேயே சொன்னாள். சொன்ன விதத்திலேயே டாக்டருக்கு அது புரிந்தது. அப்படியானால் இடுப்பைத் துணியில் தாங்கி, மெதுவாக ஏற்றுங்கள் என்றாள். நாய் முப்பத்தைந்து கிலோ. எங்கள் இரண்டு பேர் வயதையும் சேர்த்தால் நூற்றைம்பதுக்கு மேல். முடியாவிட்டால் அதை விட்டுத்தான் ஆகவேண்டும்.

வீட்டு வாசலில் நாயோடு நான் நிற்க, என் மனைவி மேலே போய்ப் பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். மடித்து நாயின் அடிவயிற்றில் கொடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். இரண்டாவது மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தாதா, பல்லக்கா?” தாதா என்றால் இங்கே அண்ணன்.

“ஆமா, நீங்களும் வந்து ஒரு பக்கம் தூக்குங்க” என்றாள் என் மனைவி. அவர் உள்ளே போய்விட்டார்.

நாய் தவ்வப் பார்த்தது. சேலையை இறுக்கினோம். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது பின்னங்காலை மட்டும் எடுத்து மேல்படியில் வைத்தது. அப்புறம் வலது கால். அப்புறம் இடது.

ஏழு வருஷமாக என்னோடு இருக்கும் நாய், கால் மாற்றிப் படி ஏறி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“என்ன நின்னுட்டிய? தூக்குங்க” என்றாள் அவள்.

சேலை முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூக்கினேன்.