தொட மாட்டேன் என்றவள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் கோவில்பட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். கட்டுப் பிரித்த பத்தாம் நாள், எனக்கும் என் கணவருக்கும் கேரளக் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள் தங்க மகன் ஏற்பாடு செய்தான். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவார்கள், மூலிகை ஒத்தடம் கொடுப்பார்கள் என்றான். இந்தக் கரிசல் வெயிலை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

காரில் ஐந்து மணி நேரம். இறங்கும்போது வலது கெண்டைக்கால் கல்லாய்க் கனத்தது. கட்டுப் போட்டிருந்த கால்தானே, நன்றாக நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

விடுதியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சமீபத்தில் அடிபட்டதா, எலும்பு முறிந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டேன்.

எண்ணெய் தேய்க்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நான் வாயைத் திறந்ததுமே சிரித்துவிட்டாள்.

“யக்கா, நீங்க நம்ம பக்கமா? எனக்குப் புதூர்.”

தோளிலும் முதுகிலும் அவள் கை பட்டதும் கண் சொக்கியது. இடது காலை முடித்து வலது காலில் கை வைத்தவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“இந்தக் காலு மட்டும் ஏன் இப்படிச் சுடுது?”

மாவுக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிப்போனது.

“இதை நான் தொட மாட்டேன்க்கா. மொதல்ல டாக்டர்ட்ட காமிங்க.”

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. “வேலைக்குச் சோம்பிச் சாக்கு சொல்லுதியாட்டி?” என்று கேட்டேவிட்டேன். நேராக மேலாளரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் என் முன்னாலேயே அவளைக் கடிந்துகொண்டு, வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்.

அத்தோடு அவள் ஒதுங்கியிருக்கலாம். வெளியே உட்கார்ந்திருந்த என் கணவரிடம் ஓடினாள்.

“அண்ணாச்சி, அவிய கோவத்துல இருக்காவ. நீங்களாவது ரெண்டு காலையும் சேத்து வச்சுப் பாருங்க.”

அவர் வந்து பார்த்தார். வலது கால் ஒன்றரை மடங்கு தடித்து, பளபளவென்று சிவந்திருந்தது. உடனே கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ஆழமான ரத்தக்குழாயில், முழங்காலுக்கு மேல் வரை ரத்தம் உறைந்திருந்தது. “யாரும் இதை நீவிவிடவில்லையே?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அழுத்தித் தேய்த்திருந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உயிருக்கே ஆபத்து என்றார். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஊருக்குத் திரும்பும் வழியில் அவளைத் தேடிப் போனேன். படிவத்தில் பொய் எழுதியதையும் சொல்லி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

“எல்லாரும் பொய்தாங்க்கா எழுதுதாங்க. அதனாலதான் நாங்க கை வச்சுப் பாத்துக்கிடுதது,” என்றாள். “சரி, வலி கொறஞ்சிருக்கா?”

மேலாளரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அவளைக் கூப்பிட்டு என் எதிரிலேயே வருத்தம் தெரிவித்தார். அவளோ, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று உள்ளே போய்விட்டாள்.

கேட்டதைச் செய்துகொடுத்து என்னைச் சந்தோஷப்படுத்துவது அன்று அவளுக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் உயிருக்காக அவள் ‘மாட்டேன்’ என்று நின்றதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, என்னிடம் முடியாது என்று சொல்கிறவர்கள் பேச்சை இன்னும் ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்கப் பழகிவருகிறேன்.