வரப்பில் ஸ்டாண்டு விரித்தவர்

இதை எழுத எனக்குப் பல வருஷம் துணிவு வரவில்லை. மாரியம்மன் சாட்சியாக இன்று எழுதிவிடுகிறேன்.

எரிவாயுக் குழாய் புதைக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்து அளந்து, பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர் சம்பா வயலைக் கிழித்துப் போட்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் ஒல்லியான மனிதர் ஒருவர் வரப்பில் மூன்றுகால் ஸ்டாண்டு விரித்து, அதில் ஒரு கருவியைப் பொருத்தினார். மறுபடி அளக்க வந்துவிட்டான் என்று சுற்றி வளைத்தோம்.

“எந்தக் கம்பெனி ஆளுய்யா நீ?” என்றான் என் மச்சான்.

அவர் ஒவ்வொரு தடவையும் லென்ஸை மூடியால் மூடிவிட்டுத்தான் பேசினார், எங்கள் மூச்சு பட்டுவிடும் என்பதுபோல. “வானத்தைப் படம் புடிக்கிற டெலஸ்கோப்புங்க இது. பெரிசா வாங்கினா வானத்துல துளியூண்டுதான் படத்துல விழும். அகலமா விழணும், பஸ்ல தூக்கிட்டும் வரணும்னுதான் அலைஞ்சு திரிஞ்சு இந்தச் சின்னதை வாங்கினேன்.”

“எங்க வயலும் அகலமாத்தான் இருந்துச்சு.” மச்சான் ஸ்டாண்டை உதைக்கக் காலைத் தூக்கினான்.

அவர் டெலஸ்கோப்பைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். “அளக்க வந்தவனுக்கு இளநி வெட்டிக் குடுத்தீங்களாமே, டீக்கடையில சொன்னாங்க. அவன் ஸ்டாண்டை ஏன்யா ஒருத்தரும் தொடல?”

அவர் நடந்து போய்விட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது அவர்மேலா, எங்கள்மேலா என்றுதான் தெரியவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்காக இரக்கப்பட்டு அந்த இளநீரை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.