மிளகாய் மூட்டையின் உயரம்

பிள்ளைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த மாதம் அது. நான் சரியாகத் தூங்கி மூன்று வாரம் இருக்கும். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன்.

கிடங்கில் சரக்கெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது. அடி மூட்டையை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்க வேண்டும். முதலாளி இரண்டு விலைப் புத்தகங்களை என் மேசையில் போட்டார்.

"அஞ்சாம் படிவம்வரைக்கும் போயி பள்ளிக்கூடத்த முடிச்ச புள்ள நீ. ரேக்கா, அரை மாடியா, எது தோதுன்னு பார்த்துச் சொல்லு."

கூரைவரை ரேக் போட்டால் ஏணி வேண்டும். மூட்டையோடு ஏணி ஏற முடியாது. அதனால் படிக்கட்டு வைத்த அரை மாடியும், அதன் அடியில் குட்டையான ரேக்குகளும் போதும் என்று முடிவு செய்தேன். சுவரோரம் கூரை பதினான்கு அடி. கீழே ஏழு, பலகைக்கும் இரும்புக்கும் அரை, மேலே ஆறரை. மூன்று முறை அளந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போதும் அப்படித்தான், ஊற்றியதைத் திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதலாளி கையெழுத்துப் போட்டதும் அளவு எழுதிய தாளைப் பக்கத்து ஊரான லகாட்டில் இருந்த இரும்புப் பட்டறைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை லாரி வந்தது. சரக்கு இறக்கும் பெண்கள் நால்வரும் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு வேலை போன பிறகு இங்கே வந்தவர்கள். தள்ளுவண்டி இருந்தும் தொட மாட்டார்கள். சும்மாடு வைத்துத் தலையில்தான் தூக்குவார்கள். அவர்களில் மூத்த அக்கா காய்ந்த மிளகாய் மூட்டையோடு உள்ளே வந்தபோது, மூட்டை இடித்து, தொங்கிய விளக்கு ஆடியது.

ஆளைத்தான் அளந்திருந்தேன். ஆளின் தலைமேல் இருப்பதை அளக்கவில்லை.

"அக்கா, மூட்டையோட இந்தச் சொவத்துல சாஞ்சி நில்லுங்க."

"என்னா கிராணி, என்னைய ஒண்ணாம் வகுப்புல சேக்கப் போறியா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். நாற்காலியில் ஏறிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஏழடி ஒன்பது அங்குலம். அரை மாடியின் அடியில் ஏழடிதான் இருக்கும் என்ற விஷயத்தைச் சொன்னேன்.

"குனிஞ்சி போய்க்கிறோம்லா. இதுக்கா மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

ஒரு நாளைக்கு நூறு நடை. சுமையோடு கழுத்தை மடக்கி நூறு நடை. என் பென்சில் போட்ட கோட்டினால். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். இப்போது அதை மறைக்க என்ன இருக்கிறது. வேலை போனால் பால் மாவு யார் வாங்குவது? படித்தவள் என்று நம்பிக் கொடுத்த முதல் காரியம் வேறு. மத்தியானம்வரை தள்ளிப் போட்டுவிட்டு, முதலாளியின் அறைக்குப் போனேன்.

"முதலாளி, நான் தப்பா அளந்துட்டேன். கீழே எட்டரை அடி வேணும்."

அவர் உடனே பட்டறைக்குப் போன் செய்தார். தூணை இன்னும் அறுக்கவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கீழ ஏத்துனா மேல கொறையும்லா. அங்க எந்த ஆம்பள நிமிந்து நிப்பான்?"

"மேலே சோப்பு, தீப்பெட்டி மாதிரி லேசான சரக்கு மட்டும் வைக்கலாம். எடுக்கிறது, எண்ணுறது எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பெருந்தன்மை ஒன்றுமில்லை. வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். "நீ எத்தன அடி?"

"அஞ்சடி ரெண்டு."

"அப்பச் சரி" என்று பட்டறைக்காரரிடம் மலாயில் புதிய அளவைச் சொல்லத் தொடங்கினார்.

பலகைக் கனம் போனால் சுவரோரத்தில் ஐந்தடிதான் மிஞ்சும் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.