மேடையில் கேட்ட கூலி

"ஒரு வாரம் டெமோ எடும்மா, அப்புறம் பாப்போம்" என்று பள்ளிச் செயலர் பஞ்சநதம் சொன்னது தை மாதத்தில். பங்குனியே பிறந்துவிட்டது. அந்த ஒரு வாரம் மட்டும் முடிந்தபாடில்லை!

எழில்மொழி வரலாற்றில் எம்.ஏ., பி.எட். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைக்கும் அம்சத்தின் ஒரே மகள். பகலெல்லாம் அந்தத் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். அவர்கள் தருவதில்தான் அவளுடைய பஸ் கட்டணம் ஓடியது. நடுவில் பள்ளிக்கு வாழ்த்துப் பாட்டு எழுதினாள். மழலையர் வகுப்புச் சுவரில் மயிலும் மானும் வரைந்தாள். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிப் பிள்ளைகளைப் பழக்கினாள். எதற்கும் ஒரு பைசா இல்லை.

"திறமை இருக்கிறவங்க காசு காசுன்னு பறக்கக் கூடாதும்மா. போஸ்டிங் உனக்குத்தான்." ஒவ்வொரு முறையும் இந்த மிட்டாயைத்தான் நீட்டினார் அந்தப் பெரிய மனிதர்.

பஸ்ஸில் நின்றபடியே கைபேசியில் மற்றப் பள்ளிகளுக்கும் விண்ணப்பம் அனுப்புவாள். அனுபவச் சான்று கேட்பார்கள். டெமோவுக்கு யார் சான்று தருவார்கள்?

"நாங்க நாத்து நட்டுட்டுக் கரையேறுனா கூலி கைக்கு வந்துரும். நீ எம்மாம் படிச்சிருக்க, உனக்கு மட்டும் ஏண்டி வரல?" என்பாள் அம்சம்.

பண்ணையில் உழைத்துவிட்டு மிராசுதாரிடம் கூலி கேட்டு நின்ற ஒருத்தியின் கதைதான் நாடகம். மிராசுதாராக நடிக்கப் பஞ்சநதமே முன்வந்தார். மீசையும் பட்டு அங்கவஸ்திரமும் சொந்தமாகவே இருந்தன. வசனம்தான் மண்டையில் ஏறவில்லை. ஆகவே கூலி கேட்கும் பெண்ணாக எழில்மொழியே நடிப்பது, எதிரில் நின்று அவருடைய வசனத்தையும் முணுமுணுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. கடைசிக் காட்சியில் அளந்து போட நெல் வேண்டும் என்றார்கள். அதையும் அம்சம்தான் தன் வீட்டிலிருந்து ஒரு கூடை கொடுத்தனுப்பினாள்.

விழா நாளும் வந்தது. மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தவளை, அலுவலக எழுத்தர் நஃபீசா ஓரமாக இழுத்துப் போனாள்.

"அக்கா, உங்ககிட்ட யாரும் சொல்லலியா? வரலாறு போஸ்டிங்குக்கு இன்னைக்கு ஆர்டர் போயிருச்சு. சாரோட மச்சினர் பொண்ணுக்கு. நான்தான் டைப் பண்ணுனேன்."

எழில்மொழி நேரே பஞ்சநதத்திடம் போனாள். கண்ணாடி முன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அட, தெரிஞ்சிருச்சா? குடும்பத்துல ஒரு நெருக்கடிம்மா. உனக்கென்ன, கை நிறையக் கலை இருக்கு. ஆமா, சும்மாதானே இருக்கப்போற? லீவுல பள்ளி ஆண்டு மலரையும் முடிச்சுக் குடுத்துரு."

சும்மா! மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள், சும்மா இருந்தவளாம்!

அப்போதே இறங்கிப் போயிருப்பாள். "மிஸ், பயமா இருக்கு மிஸ்" என்று வேஷம் போட்ட குழந்தைகள் முந்தானையைப் பற்றிக்கொண்டார்கள். அவர்களுக்காக நின்றாள்.

கடைசிக் காட்சி. "கூலி குடுங்கய்யா" என்று கேட்டுவிட்டு எழில்மொழி வாயை மூடிக்கொண்டாள். பஞ்சநதம் விழித்தார். அவளை உற்றுப் பார்த்தார். அவள் உதடு அசையவேயில்லை.

"அடுத்தது என்னம்மா?" என்று அவர் கிசுகிசுத்ததைச் சட்டையில் குத்தியிருந்த மைக் மைதானம் முழுக்க ஒலிபரப்பியது. கூட்டம் சிரித்தது.

"அதுக்குத் தனிக் கூலிங்கய்யா!" என்றாள் எழில்மொழி. "தையிலேருந்து உங்ககிட்ட உழைக்கிறேன். பாடம் நடத்தினேன், பாட்டு எழுதினேன், இந்த வேஷமும் போட்டேன். ஒரு வாரம்னு சொன்னீங்களே, உங்க ஒரு வாரம் எப்பங்க முடியும்?"

நாடகம் என்றே நினைத்துக் கை தட்டினார்கள். அம்சம் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மகள் குரல் நடுங்கினால் தாய்க்குத் தெரியாதா?

"அளந்து போடுங்கய்யா!" என்று கத்தினாள். அவளோடு வந்திருந்த நடவுக்காரப் பெண்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். "அளந்து போடு! அளந்து போடு!"

வேர்த்து வழிய, மரக்காலால் நெல்லை அளந்து எழில்மொழியின் மடியில் கொட்டினார் பஞ்சநதம். தலை தட்டாமல், கூம்பாகவே கொட்டினார்.

திரை விழுந்ததும் பல்லைக் காட்டினார். "பிரமாதமா நடிச்சம்மா! அடுத்த வருஷமும் இதையே போட்டுரலாம்."

"நான் நடிக்கலங்க. திங்கக்கெழமையிலேருந்து வரவும் மாட்டேன்."

பஸ் நிறுத்தத்தில் அம்சம் நெல்லைக் கூடைக்கு மாற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"விடுடி. கடைசியில அந்தாளு கையாலயே கூலி வாங்கிட்டல்ல?"

எழில்மொழி கூடையை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அது நம்ம வீட்டு நெல்லும்மா."