பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடின சர்வர்

இன்னைக்கு மதியம் எங்க சிவகாசி ஆபீஸ் சர்வர் செத்துப்போச்சு. நான் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

(மண்டை எல்லாம் கலங்கல. முழுசாப் படிங்க.)

நான் ஒரு பட்டாசு கம்பெனில சிஸ்டம் பாக்குறவ. சிவகாசில ஒரு சர்வர், விருதுநகர் ஆபீஸ்ல ஒண்ணு. ரெண்டு ஊர்லயும் ஆர்டர் ஏத்துவோம், ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பி எடுத்துக்கும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கணும்.

ஒரே ஆர்டரை ரெண்டு பக்கமும் மாத்தினா, அந்தந்த சர்வர் போட்ட நேரத்தைப் பாத்து, கடைசியா ஏறினதுதான் செல்லும்.

போன மாசம் அதுலதான் மாட்டினேன்.

காரியாபட்டி கடைக்காரர் ஒருத்தர் சிவகாசிக்குப் போன் போட்டு நாப்பது பெட்டி சொன்னார். அஞ்சு நிமிஷத்துல விருதுநகருக்குக் கூப்பிட்டு அறுபதா மாத்தினார். லோடு போனது நாப்பது!

முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார்.

"ஏந்தாயி, இந்த டப்பாவை நம்பி சீசன் ஓட்ட முடியுமா? இன்னொரு லோடு மாறுச்சுன்னா பழையபடி நோட்டுதான்."

நோட்டுன்னா எனக்கு அங்க என்ன வேலை?

ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டதுல கண்டுபிடிச்சேன். சிவகாசி சர்வர் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். அதனால பழைய நாப்பதுதான் புதுசுன்னு நினைச்சிருக்கு.

டெஸ்பாட்ச் பாக்குற சுப்பையா அண்ணன்கிட்ட கேட்டேன்.

"நாந்தாம்மா மாத்துனேன். சர்வர்ல நேரம் தப்பாக் காட்டுச்சு. சுவர்க் கடிகாரத்தைப் பாத்து சரி பண்ணி விட்டேன்."

அந்தச் சுவர்க் கடிகாரம் இருக்கே... யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு அண்ணாச்சியே பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சது. நாங்க எல்லாரும் மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவோம். சுப்பையா அண்ணன் தினமும் கழிச்சுத்தான் பஸ் பிடிப்பார். சர்வருக்குக் கழிக்க மட்டும் மறந்துட்டார்.

அண்ணாச்சிகிட்ட சொன்னேன்.

"என் கடிகாரத்தைக் குத்தம் சொல்லுதியாக்கும்?"

"அது அப்படியே ஓடட்டும் அண்ணாச்சி. சர்வர் ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கணும். இல்லன்னா காப்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல."

ரெண்டையும் இன்டர்நெட்ல ஒரே இடத்துல நேரம் வாங்குற மாதிரி வச்சேன். தினமும் டீ குடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒத்துப் பாப்பேன். (சுப்பையா அண்ணன் கை வைக்காம இருக்க பாஸ்வேர்டும் போட்டாச்சு.)

இன்னைக்கு பக்கத்துல இடி விழுந்துச்சு. சர்வர்ல கருகுற வாசம். எல்லாரும் வாசலுக்கு ஓடிட்டாக. (நம்மூர்ல முதல்ல ஓடணும், அப்புறம்தான் யோசிக்கணும்.)

நல்லவேளை, மோடம் தப்பிச்சுது. வேலையை விருதுநகர் சர்வருக்குத் திருப்பினேன். பத்தே நிமிஷம்.

அண்ணாச்சி பின்னாடியே நின்னார்.

"அந்தக் காரியாபட்டிக்காரர் ஆர்டரை எடு."

மனுசன் இன்னைக்கும் அதே வேலை! காலைல சிவகாசில முப்பது, கொஞ்ச நேரத்துல விருதுநகர்ல அம்பது.

ஸ்க்ரீன்ல அம்பது.

அண்ணாச்சி நம்பல. அவருக்கே போன் போட்டார். "எம்புட்டுப் பெட்டி கேட்டீக? ...அம்பதா? சரி, சரி."

போனை வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்க. அந்தப் பார்வைக்கே இன்னும் ரெண்டு சர்வர் பாத்துக்கலாம்னு தோணுச்சு.

அப்புறம், அதே பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுற கைக் கடிகாரத்தைக் கழட்டினார்.

"இப்ப சரியான நேரம் என்ன தாயி?"

சொன்னேன். முள்ளைத் திருப்பி வச்சுக்கிட்டார்.

"அப்ப சுவர்க் கடிகாரம் அண்ணாச்சி?"

"அதைத் தொட்டுறாத. அது உங்களுக்கு. இது லோடுக்கு."