அத்தை துலக்கிய பித்தளை உறைகள்

என் தாயின் அண்ணன் ஆர்வல் ட்வைட் மொன்டானாவில், ஜூடித் ஆற்றுப் பக்கம் பிறந்தவர். அங்கேயே வைக்கோல் கட்டியும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் வாழ்ந்து, அறுபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவருடைய கடைசி வேட்டைப் பருவத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பலவிதமாகப் பேசப்படுகிறது. அவர் மனைவி லூயெல்லா அத்தையும் பக்கத்துப் பண்ணைக் கிளேட்டனும் தனித்தனியே சொன்னவற்றில் ஒன்றோடொன்று பொருந்தியதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் துப்பாக்கி அவருடைய தந்தை விட்டுச் சென்றது. கீழுள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பழைய வகை. அதற்குரிய தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. எனவே சுட்டபின் விழும் பித்தளை உறைகளைப் புல்லில் தேடிப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் குண்டும் புதிதாக அடைத்து மறுபடி சுடுவார்கள். ஆனால் அந்த வகைத் துப்பாக்கி, சுடும்தோறும் உறையைச் சற்றே நீட்டிவிடும். நீள நீள, அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே பித்தளை உள்ளுக்குள் மெலியும். மெலிந்த உறை வெடிக்கும்போது இரண்டாக அறுந்தால், நெருப்பு பின்னால் திரும்பிச் சுடுபவரின் கண்ணுக்கு வரும். அதனால் மாமா ஒருமுறை சுட்டவற்றையும் பலமுறை சுட்டவற்றையும் தனித்தனிக் காப்பி டப்பாக்களில் வைத்திருந்தார். டப்பாக்களின்மேல் எதுவும் எழுதவில்லை. அலமாரியில் எந்த டப்பா எங்கே நிற்கிறது என்பதே அவருக்குப் போதுமான அடையாளம்.

குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது அந்த வசந்தத்தில். அடுத்த ஆண்டு வேட்டைப் பருவம் அவருக்கு இருக்காது என்று பில்லிங்ஸ் நகர மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இந்த ஆண்டுப் பருவம் திறக்கும் நாளில், ஊற்றுக்கு மேலுள்ள முகட்டில் உட்கார்ந்து ஓர் எல்க் மானைச் சுட வேண்டும். கிளேட்டன் தன் துப்பாக்கியைத் தர முன்வந்தார். அது பயன்படாது. புற்றுநோய் மருந்தேற்றுவதற்காக மாமாவின் மார்புத் தோலுக்கடியில் ஒரு குமிழைப் பதித்திருந்தார்கள். பெரிய துப்பாக்கி சுடும்போது பின்னுக்கு உதைக்கும் வேகத்தை அது தாங்காது. மெதுவாக உதைப்பது அவர் தந்தையுடையது மட்டுமே. அதற்கு நிரப்பிய தோட்டா ஒன்றுகூட மீதமில்லை.

கடைசிச் சுற்று மருந்துக்காக மாமா மருத்துவமனையில் தங்கியிருந்தபோது, அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அத்தை எல்லா டப்பாக்களையும் இறக்கினார். உறைகளை அக்ரூட் ஓட்டுத் தூளோடு உருட்டு மெஷினில் போட்டுத் துலக்கினார். திரும்பி வந்தவரைக் கைப்பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

"பாரு ஆர்வல், கல்யாண மோதிரம் மாதிரி மின்னுது!"

அவர் உறைகளைப் பார்க்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாக்களையே பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணாவா போட்ட?"

"மெஷின்ல இடம் இருந்துச்சே. நீ வந்து மருந்து போட்டாப் போதும்னு நினைச்சேன். என்ன, ஏன் இப்படிப் பாக்குற?"

"எது ஒருதரம் சுட்டது, எது ஓய்ஞ்சு போனதுன்னு இனிமே யாரு சொல்லுவா, லூ?"

சுட்டுச் சுட்டு நீண்ட உறையின் வெளிப்புறத்தில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். துலக்கியதில் அதுவும் போயிருந்தது. எஞ்சியது ஒரே சோதனை: முனை வளைந்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டுச் சுவரோடு இழுத்தால், மெலிந்த இடத்தில் முனை பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலில் தெரியும். மாமா கம்பியை எடுத்தார். இழுத்தார், மறுபடி இழுத்தார். அந்நேரம் கிளேட்டன் உள்ளே வந்தார்.

"என்னடா கிழவா, பித்தளைக்குக் காது குடையுறியா?"

மாமா சிரிக்கவில்லை. "கையில கம்பி இருக்கறதே தெரியலடா. ஆஸ்பத்திரி மருந்து விரலோட உணர்ச்சியைத் தின்னுருச்சு."

பிறகு அத்தை கம்பியை வாங்கினார். "என் விரல் நல்லாத்தானே இருக்கு. குடு."

ஓர் உறையை வெகுநேரம் தடவினார். "ஏதோ தட்டுது. இல்ல, தட்டல. இது நல்லதுதான், ஆர்வல். நல்லதுதான்."

மாமா அதைக் கிளேட்டனிடம் கொடுத்து, ரம்பத்தால் நெடுக்காக அறுக்கச் சொன்னார். பிளந்த உறையின் உட்சுவரில், அடிக்கு மேலே, பித்தளை காகிதம்போல் மெலிந்திருந்தது. அத்தை தேர்ந்த அடுத்ததையும் அறுத்தார்கள். அது குறையற்ற நல்ல உறை. அறுத்துவிட்டதால் இனி அதுவும் எதற்கும் உதவாது.

"இதுல அஞ்சாறாவது நல்லதா இருக்கும்டா," என்றார் கிளேட்டன். "உனக்கு வேண்டியது ஒண்ணுதானே?"

"எந்த ஒண்ணுன்னு சொல்லு."

கிளேட்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போனா ஒரு கண்ணுதானே போகும்," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "இனி எத்தனை நாளைக்கு வேணும் எனக்கு அது?"

"முகட்டுல நான் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்," என்றார் அத்தை. "உன் மூஞ்சி கிழியறத என்னைப் பாக்க வைக்கப் போறியா?"

மாமா குறடு கேட்டார். கழித்த உறையின் வாயை நசுக்கிவிட்டே குப்பையில் போடுவது அங்குள்ள வழக்கம். இல்லையேல் நல்லதென்று எண்ணி யாராவது எடுத்து நிரப்பிவிடுவார்கள். தமக்குப் பின் துப்பாக்கி மகளுக்குப் போகும், அலமாரியில் இருப்பதை அவள் நம்பி எடுப்பாள் என்றார். முதல் உறையைப் பற்றி அழுத்தினார். குறடு நழுவியது. பிடி நிற்கவில்லை.

"நான் செய்யறேன், குடுடா," என்று கிளேட்டன் கை நீட்டினார். அத்தை விடவில்லை.

மாமா ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அத்தை இரு கைகளாலும் குறட்டை அழுத்தினார். சில உறைகள் சட்டென மடங்கின. சில முரண்டு பிடித்தன. முரண்டு பிடித்தவை ஒருவேளை நல்லவையாக இருந்திருக்கலாம் என்று அத்தை என்னிடம் சொன்னார். அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை. வாளி நிரம்பியதும் மாமா வீட்டுக்குள் போய், காலணியைக் கழற்றாமலே படுத்துவிட்டார்.

பருவம் திறந்த காலையில் முகட்டிலிருந்து பிறர் சுடும் ஓசை வீடுவரை கேட்டது. மாமா சன்னலை மூடச் சொன்னார். அத்தை மூடினார். இருவரும் காப்பி குடித்தார்கள். அவர் பிப்ரவரியில் காலமானார்.